வாய்க்கு வந்த தீட்டு

சிரம்பானில் பல் செட் கட்டிக்கொள்ளப் போனபோது அந்தப் பல் மருத்துவர் என் வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்தார். இளம்பிள்ளை, நம் தோட்டத்துப் பக்கம் பிறந்து வளர்ந்தவர்தான். "பல்லெல்லாம் எப்பம்மா போச்சு?" என்று கேட்டார்.

"ஜப்பான்காரன் காலத்துல."

அவர் முகம் மாறிவிட்டது. விளக்கைக் கீழே வைத்தார். "அடிச்சுட்டானுங்களாம்மா?"

"ஜப்பான்காரனுக்கு என் வாயப் பாக்க எங்க நேரம்? நம்ம ஆளுங்கதான்லா."

அவர் எழுந்துபோய்க் கையைக் கழுவினார். கழுவிக்கொண்டே எனக்கு ஒரு பாடம் நடத்தினார். பெண்களுக்கு மாதவிலக்கு நிற்கிற வயதில் ஈறு மெலிந்துபோகுமாம். வாய் உலருமாம். லேசாகப் பட்டாலே ரத்தம் வருமாம். சாப்பாடும் சரியில்லை என்றால் கேட்கவே வேண்டாமாம். "இது ரொம்ப சாதாரணம்மா" என்றார்.

சாதாரணமாம். இந்த ஒரு வார்த்தையை அன்றைக்கு யாராவது எங்கள் தோட்டத்துக்கு வந்து சொல்லியிருந்தால் எனக்கு முன்பல்லாவது மிஞ்சியிருக்கும். எனக்கு வந்த ஈறு நோய்க்கு அன்று ஊர் கூடித் தீர்ப்புச் சொன்னது. ஊர் கூடித் தீர்ப்புச் சொன்ன நோய் எதுவும் இதுவரை குணமானதாக நான் கேள்விப்பட்டதில்லை.

எங்கள் ரப்பர்த் தோட்டம் சிரம்பானுக்குப் பக்கத்தில், ரந்தாவுக்கும் கோலா சாவாவுக்கும் நடுவே இருந்தது. ஜப்பான்காரன் வருகிறான் என்ற சேதி கேட்ட அன்றே துரை காரில் நாயை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். எங்களை ஏற்றிக்கொள்ளவில்லை. நாங்கள் நாய் இல்லையே. துரையின் நாற்காலியில் கிராணி உட்கார்ந்தார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், கணக்குப் பிள்ளையாகவே தலை நரைத்தவர். நாற்காலியின் நுனியில்தான் உட்காருவார். முழுதாக உட்கார்ந்துவிட்டால் துரை திரும்பி வந்து திட்டுவாரோ என்ற பயம். ஆகவே தோட்டத்தை உண்மையில் ஆண்டவர் கங்காணி. ஆள வேண்டுமென்றால் அவருக்கு நாற்காலி தேவையில்லை, ஒரு தொண்டை போதும். கூடவே கோயில் தர்மகர்த்தாவும் அவர்தான். ஆகையால் மனுஷர் மேலும் அதிகாரம், மாரியம்மன் மேலும் அதிகாரம்.

ரப்பர் வாங்க ஆளில்லை. பால் வெட்டு நின்றுபோனது. நல்ல ரப்பர்க் காட்டைத் தறித்துவிட்டு மரவள்ளி நட்டோம். காலையில் கிழங்கு, மதியம் கிழங்கு, இரவில் மாறுதலுக்குக் கிழங்கு மாவு. துணி கிடையாது. சாக்கைப் பிரித்துத் தைத்துக் கட்டினார்கள். உப்பு கிடைத்தால் அது விசேஷ நாள்.

அந்த வருஷம்தான் லாரி வந்து ஆட்களைச் சயாமுக்கு ரயில் பாதை போட ஏற்றிக்கொண்டு போனது. என் வீட்டுக்காரரும் போனார், என் மருமகனும் போனார். ஜப்பான்காரனுக்கு எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யார் யார் திடமான ஆள் என்று எப்படித் தெரியும்? கங்காணிதான் விரலை நீட்டினார். அந்த விரல் லயம் முழுக்கச் சுற்றி வந்தது, அவர் வீட்டு வாசலுக்கு மட்டும் போகவில்லை. லாரி புறப்படுகையில் என் வீட்டுக்காரர் "கெழங்கக் கழுவித் தின்னு" என்று சொன்னார். அவ்வளவுதான். அதற்கப்புறம் சேதி இல்லை. என் மகள் அப்போது வயிற்றுப் பிள்ளைக்காரி. லாரி போன ஐப்பசிக்குப் பிறகு தையில் பெண் குழந்தை பெற்றாள். எலிக்குஞ்சு மாதிரி இருந்தது, ஆனால் தொண்டை மட்டும் கங்காணித் தொண்டை.

அந்தக் காலத்தில்தான் எனக்கு மாதக் குளி நின்றது. என் உடம்புக்கு எப்போதும் நேரம் காலம் தெரியாது. கல்யாணத்தன்று வந்து மானத்தை வாங்கியது அது. ஆனால் நின்றதில் மட்டும் சமயம் பார்த்து நின்றது. கட்டிக்கொள்ளவே துணி இல்லாதபோது தீட்டுத் துணிக்கு எங்கே போவது? அம்மனுக்குக் கும்பிடு போட்டேன். திடீர் திடீரென்று உடம்பு கொதிக்கும், முதுகு வியர்வையில் நனையும், சும்மா இருக்கும்போதே கோபம் வரும். கோபம் எனக்கு முன்பே உண்டு என்று சிலர் சொல்வார்கள். நம்பாதீர்கள்.

நின்றதில் இன்னொரு லாபமும் இருந்தது. எங்கள் தோட்டத்தில் ஆயா வேலை என்று ஒன்று உண்டு. தாய்மார் வேலைக்குப் போகையில் பிள்ளைகளைக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போவார்கள்; ஆயா தொட்டிலாட்டி, கஞ்சி காய்ச்சிக் கொடுத்துப் பார்த்துக்கொள்வாள். அந்த வேலைக்குப் படிப்பு வேண்டாம், பொறுமைகூட வேண்டாம். குளி நின்றிருக்க வேண்டும், அது ஒன்றுதான் தகுதி. தீட்டோடு இருப்பவள் பச்சைப் பிள்ளையைத் தொட்டால் சீர் தட்டிப் பிள்ளைக்கு வயிறு கழியும் என்பது எங்கள் சனத்தின் உறுதியான எண்ணம். கிணற்றடித் தண்ணீரைப் பார்த்தால் வயிறு ஏன் கழிகிறது என்று யாருக்கும் புரியும். ஆனால் தண்ணீரை ஒதுக்கி வைக்க முடியாது, பெண்ணை முடியும்.

பழைய ஆயா மலைக்காய்ச்சலில் போனதும் அந்த வேலை எனக்கு வந்தது. பிள்ளைகளின் கஞ்சிக்காக எங்கிருந்தோ கொஞ்சம் அரிசி வந்துகொண்டிருந்தது. கஞ்சி காய்ச்சுகிறவளுக்கு அதில் தினமும் ஒரு சிரட்டை அரிசி சொந்தம். அரிசி! தோட்டத்தில் பாதிப்பேருக்கு அதன் நிறம் மறந்துபோயிருந்தது. அந்தச் சிரட்டையை நான் வாயில் வைத்ததே இல்லை. கஞ்சியாக்கி, முருங்கைக்கீரையும் போட்டு மகளுக்குக் கொடுப்பேன். அவளுக்குப் பால் ஊறும். கிழங்கு தின்றால் அவளுக்குப் பால் ஊறாது, பிள்ளை காய்ந்த மாரை இழுத்து இழுத்து அழும். ஆக, அந்த எலிக்குஞ்சின் உயிர் அந்தச் சிரட்டையில் இருந்தது. இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் பிறகு செய்த கோணங்கித்தனம் எல்லாம் இதற்காகத்தான்.

மரவள்ளி அரைவேக்காடாக இருந்தால் விஷம். அதனால் பிள்ளைகளுக்குக் கொடுக்குமுன் நானே ஒரு துண்டைக் கடித்துப் பார்ப்பேன். ஒருநாள் கடித்த துண்டைப் பார்த்தால் பல் பதிந்த இடமெல்லாம் சிவப்பு. அதற்கு முன்பே காலையில் பல் விளக்கும்போது ரத்தம் வந்துகொண்டுதான் இருந்தது. கடைப் பல்பொடி போன பிறகு கரியும் செங்கல் தூளும் போட்டுத் தேய்க்கிறோம், கீறியிருக்கும் என்று விட்டுவிட்டேன். அன்று பிள்ளைக்குப் பால் கொடுக்க வந்த ஒருத்தி அந்தக் கிழங்குத் துண்டைப் பார்த்துவிட்டாள். பார்த்தவள் சும்மா இருக்கலாம் அல்லவா? "ஐயையோ, அக்கா வாயில ரத்தம்!" என்று அவள் போட்ட கூச்சலில் தூங்கிய பிள்ளைகளெல்லாம் எழுந்துவிட்டன.

சாயங்காலம் கிணற்றடிக்குப் போனபோது தீர்மானம் தயாராக இருந்தது. கீழே அடைத்துக்கொண்டது மேலே ஏறிவிட்டது! மழைத்தண்ணீர் கால்வாய் அடைத்துக்கொண்டால் வாசலுக்கு ஏறும் அல்லவா, அந்த மாதிரி. என் உடம்பைப் பற்றி எனக்குத் தெரியாததெல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இந்த ஆராய்ச்சியை முன்னின்று நடத்தியவள் கங்காணியின் கொழுந்தியாள். வயது முப்பத்தைந்துக்கு மேல் இராது. அவளுக்கு அந்த ஆயா வேலையின் மேல் கண். தனக்கும் குளி நின்றுவிட்டதாக ஒரு மாதமாகவே பரப்பிக்கொண்டிருந்தாள். அந்தக் காலத்தில் குமரிகளுக்குக்கூடப் பசியில் நின்றுபோனது உண்டு. ஆனால் கங்காணி வீட்டில் பசி ஏது? மற்றவர்களுக்கு வயதில் நின்றது, இல்லாவிட்டால் பசியில் நின்றது. அவளுக்கு மட்டும்தான் பதவி ஆசையில் நின்றது. அந்த அதிசயத்துக்குப் பிறகும் அவள் வாழைக் கொல்லைக்குள் துணி காயப் போட்டதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

மறுநாள் கோயில் வாசலில் பஞ்சாயத்து. கங்காணி, கிராணி, டிரெஸர் என்று மூன்று ஆம்பிளைகள் உட்கார்ந்து என் மாதவிலக்கைப் பேசப் போகிறார்கள். மூன்று பேருக்கும் அந்த வார்த்தையைச் சொல்ல வாய் வரவில்லை. கங்காணி தொண்டையைச் செருமினார்.

"இந்தாம்மா, ஒனக்கு அந்த... அது நின்னுருச்சுன்னு சொன்னாங்க. அதனாலதான் ஒன்ன ஆயாவாப் போட்டது."

"ஆமாங்கண்ணே."

"இப்ப மறுபடியும் வருதுங்குறாங்க."

"ஈறுல வருதுண்ணே. பல்லுக்குப் பக்கத்துல."

"எந்தப் பக்கம் வந்தா என்னம்மா? வர்றது வர்றதுதான?"

கிராணி சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். "உது வைத்தியச் சங்கதி கண்டியளோ. டிரெஸரைக் கேளுங்கோ. எனக்குக் கந்தோரிலை வேலை கிடக்கு" என்று எழுந்து போயே போய்விட்டார். ரப்பரே இல்லாத தோட்டத்து ஆபீசில் அவருக்கு அப்படி என்ன வேலையோ.

டிரெஸர் எங்கள் ஆஸ்பத்திரிக்காரர். மருந்தெல்லாம் தீர்ந்துபோய் அவரிடம் ஊதாத் தண்ணீர் ஒன்றுதான் மிச்சம் இருந்தது. புண்ணுக்கு ஊதா, படைக்கு ஊதா, வயிற்று வலி என்று போனால் வயிற்றின் மேல் ஊதா. அவரைக் கங்காணி குறுக்கு விசாரணை செய்தார்.

"ரத்தம் எங்கேருந்து வருது?"

"ஈறுலேருந்துதான் கங்காணி."

"ஈறு யாரோடது?"

"இந்தம்மாவோடது."

"இந்தம்மா யாரு?"

டிரெஸர் என்னைப் பார்த்தார், கங்காணியைப் பார்த்தார். "பொம்பள."

"அப்பப் பொம்பள ரத்தந்தான்லா."

இதற்கு மேல் எந்த வக்கீல் வந்து என்ன செய்ய முடியும்? தீர்ப்பு வந்தது. ரத்தம் வருகிற நாளெல்லாம் நான் கொட்டகைக்குப் போகாமல் ஒதுங்கி இருக்க வேண்டும். அந்த நாட்களில் கொழுந்தியாள் ஆயா வேலை பார்ப்பாள். சிரட்டை அரிசியும் அவளுக்கே. ரத்தம் நின்றதும் நான் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வரலாம்.

"தலைக்கா அண்ணே, வாய்க்கா?" என்று கேட்டேன்.

"வாய்தான் ஒனக்குக் கேடு" என்றார் கங்காணி. அதில் மட்டும் தப்புச் சொல்ல முடியாது.

டிரெஸர் பின்னாலேயே வந்து, பாவப்பட்டு, என் ஈறில் ஊதாத் தண்ணீரைத் தடவிவிட்டார். ஒரு வாரம் நாவல்பழம் தின்ற குரங்கு மாதிரி திரிந்தேன். ரத்தம் நிற்கவில்லை, ஊதா ரத்தமாக வந்தது. அப்புறம் அவரே, "எல்லாப் பல்லையும் புடுங்கிட்டா ஈறுக்கு வேலையே இல்லம்மா" என்று ஒரு யோசனை சொன்னார். தலைவலிக்கும் இதே வைத்தியத்தைச் சொல்லிவிடப் போகிறாரே என்று பயந்து ஓடி வந்துவிட்டேன்.

இந்த ஒரு வாரத்துக்குள்ளேயே வீட்டில் பால் வற்றிவிட்டது. மகள் ஒன்றும் சொல்லமாட்டாள், அவள் அப்பாவைப்போல. பிள்ளையை இந்தப் பக்கம் போட்டுப் பார்ப்பாள், அந்தப் பக்கம் போட்டுப் பார்ப்பாள், பிறகு சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவாள். பிள்ளையின் கங்காணித் தொண்டை மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டு வந்தது. பிள்ளை கத்தினால் எரிச்சல்படுகிற நான் அது கத்தவில்லையே என்று நடுங்கினேன். கொட்டகைப் பக்கம் கொழுந்தியாள் என் சிரட்டையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு போவதைப் பார்க்கும்போது அவள் குரல்வளையைக் கடித்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. என் ஈறு இருந்த நிலைமையில் அதுவும் முடியாது.

வழி கோயில் சுவரில் கிடைத்தது. பூசை முடித்துவிட்டு வந்த பண்டாரம் வெற்றிலை எச்சிலைச் சுவரோரமாகத் துப்பினார். கெட்டியாக, செக்கச் செவேலென்று. அதை மிதித்துக்கொண்டு நாலு பெண்கள் விழுந்து கும்பிட்டுவிட்டுப் போனார்கள். ஒருத்திகூட முகம் சுளிக்கவில்லை. நான் அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். வெற்றிலைச் சிவப்பு மங்கலம், ஈறுச் சிவப்பு தீட்டு. இரண்டையும் ஒரே வாயில் போட்டுவிட்டால் பிரித்துப் பார்க்கப் போகிறவன் எவன்?

வெற்றிலை எனக்குப் பிடிக்காது. என் மாமியார் துப்பிய எச்சிலைக் கழுவியே என் இளமை போயிற்று. ஆனாலும் அன்று சாயங்காலமே கொடியிலிருந்து வெற்றிலை கிள்ளி, பச்சைப் பாக்கைச் சீவி, சுண்ணாம்பைத் தடவி வாயில் திணித்தேன். ஈறு தீப்பிடித்த மாதிரி எரிந்தது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. மறுநாள் காலையில் தலைக்கு ஊற்றிக்கொண்டு, கன்னம் புடைக்கக் குதப்பிக்கொண்டு, கங்காணி வீட்டு வாசலில் போய் நின்றேன். "நின்னுருச்சுண்ணே" என்றேன். வாயைத் திறந்தும் காட்டினேன். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு "சரி சரி, போ" என்றார்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது, அதை நான் முதலில் யோசிக்கவே இல்லை. வெற்றிலை போடுகிறவள் புருஷன் உள்ளவள். தாலி அறுத்தவளுக்கு வெற்றிலை கிடையாது. என் வீட்டுக்காரர் சயாமுக்குப் போய்ச் சேதியே இல்லை. அதுவரை வெற்றிலையே தொடாதவள் திடீரென்று உதடு சிவக்கத் திரிந்தால் நாலு பேர் பேசாமல் இருப்பார்களா? கிணற்றடியில் முணுமுணுத்தார்கள். ஆனால் "போடாதே" என்று சொல்ல ஒருத்தருக்கும் தைரியமில்லை. சொன்னால் சயாமுக்குப் போனவர் செத்துவிட்டார் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொண்டால், அனுப்பி வைத்த விரல் யாருடையது என்ற பேச்சு வரும். கங்காணிக்கு நான் ஒவ்வொரு முறை அவர் எதிரே துப்பும்போதும் முகம் சுண்டும். நான் அவர் எதிரே அடிக்கடி துப்பினேன்.

என்னைக் கேட்டால், முதலில் அரிசிக்காகத்தான் போட்டேன். ஆனால் போகப்போக, வாய் சிவந்திருக்கிறவரைக்கும் அவர் உயிரோடு இருக்கிறார் என்று எனக்கே ஒரு நம்பிக்கை வந்துவிட்டது. பைத்தியக்காரத்தனம்தான். இத்தனை பேருடைய பைத்தியக்காரத்தனத்துக்கு நடுவில் என்னுடையது ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை.

பால் மறுபடி ஊறியது. பிள்ளை கத்த ஆரம்பித்தது. கொழுந்தியாளும் கத்த ஆரம்பித்தாள். "வெத்தலையப் போட்டு மறைக்கிறாக்கா அவ" என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். பொய் இல்லை என்பதுதான் எனக்குக் கோபம்.

ஆடி வெள்ளிக்குக் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். கேழ்வரகு ஏது, கிழங்கு மாவுக் கூழ்தான். அம்மன் அந்த வருஷம் ஜப்பான்காரன் காலத்து அம்மன், கொடுத்ததைக் குடித்துக்கொண்டாள். தேங்காய் மட்டும் இரண்டு கிடைத்திருந்தது. தீபாராதனை முடிந்து எல்லோரும் நிற்கையில் கொழுந்தியாள் முன்னால் வந்தாள்.

"மாமா, அம்மன் முன்னாடியே கேக்குறேன். அந்த அக்கா வெத்தலையத் துப்பிட்டு, வாயக் கொப்புளிச்சுக் காட்டட்டும். மூணு தடவ கொப்புளிக்கட்டும். தண்ணி வெள்ளையா வந்தா நான் கால்ல விழுறேன். செவப்பா வந்தா புள்ளைங்க கொட்டாயிக்கு அது வரவே கூடாது."

கூட்டம் நெருக்கிக்கொண்டு முன்னால் வந்தது. கங்காணி என்னைப் பார்த்தார். தன் எதிரே துப்பிக்கொண்டே இருந்தவளை ஒரு தடவையாவது பிடிக்க அவர் ரொம்ப நாளாகவே காத்திருந்தார். "செம்புல தண்ணி கொண்டாங்க" என்றார்.

செம்பு வந்தது. மூன்று தடவை என்ன, முப்பது தடவை கொப்புளித்தாலும் என் வாயிலிருந்து சிவப்புதான் வரும். கூட்டத்தின் ஓரத்தில் மகள் பிள்ளையோடு நிற்கிறாள். அவளுக்கு மட்டும் உண்மை தெரியும். அவள் முகத்தைப் பார்க்காமல் இருக்க அம்மனைப் பார்த்தேன். அம்மன் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தாள். பெண் தெய்வம்தான், இருந்தாலும் வாய் திறக்கவில்லை.

அப்போது பண்டாரம் உடைத்த தேங்காயின் முதல் சில்லைத் தர்மகர்த்தா என்ற மரியாதைக்குக் கங்காணியிடம் நீட்டினார். கங்காணியும் செம்புக்காரி என் பக்கம் வருகிற நேரத்துக்குள் அதைக் கடித்து வைத்தார். முற்றின தேங்காய். கடித்துவிட்டு மிச்சத்தைக் கையில் பிடித்திருந்தார். வெள்ளைத் தேங்காய், அதில் வரிசையாகப் பல் பதிந்த தடம், தடம் முழுக்க ரத்தம்.

அவர் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். பண்டாரமும் பார்த்தார், சட்டென்று கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டார். கங்காணிக்கு வெற்றிலைப் பழக்கம் கிடையாது, நிப்பா ஓலைச் சுருட்டுதான். அது தோட்டத்துக்கே தெரியும்.

"இவருக்கு எது நின்று எது மேலே ஏறிற்று?" என்று கேட்க என் நாக்கு துடித்தது. கேட்டிருந்தால் ஊரே சிரித்திருக்கும், மறுநாள் என் அரிசி போயிருக்கும். நாக்கைக் கடித்துக்கொண்டேன். அதற்கும் ரத்தம் வந்தது. பிறகு இடுப்பிலிருந்து சுருக்குப்பையை அவிழ்த்து, ஒரு வெற்றிலையில் பாக்கு வைத்துச் சுண்ணாம்பு தடவி மடித்து, இரண்டு கையாலும் மரியாதையாக அவரிடம் நீட்டினேன். அவர் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"சீக்கிரம் போட்டுக்கங்கண்ணே. எல்லாரும் பாக்குறாங்க. தேங்காயிலயும் இருக்கு, ஒதட்டுலயும் இருக்கு."

அவர் தேங்காய்ச் சில்லைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவ்வளவு பெரிய மீசைக்குக் கீழே அவ்வளவு சின்ன முகம் இருந்தது எனக்கு அன்றுதான் தெரிந்தது. வெற்றிலையை வாங்கி வாய்க்குள் போட்டுக்கொண்டார். எரிந்திருக்கும். கண் கலங்கியது. மென்றுகொண்டே செம்புக்காரியைக் கையசைத்து நிறுத்தினார்.

"என்ன பெரிய கொப்புளிப்பு. வெத்தலதான் அது. வெத்தல போட்டா வாய் செவக்காதா? கூழ ஊத்துங்க" என்றார்.

"மாமா!" என்றாள் கொழுந்தியாள்.

"மூடு வாய" என்றார் மாமா.

அன்றிலிருந்து கங்காணியும் வெற்றிலைக்காரராகிவிட்டார். அதோடு நின்றதா? நான் மற்றவர்கள் வாயைக் கவனிக்க ஆரம்பித்தேன். கிழங்கும் பட்டினியுமாக இருந்த காலம், பாதி லயத்துக்கு ஈறு கெட்டுப்போயிருந்தது. எனக்கு வயதும் சேர்ந்துகொண்டதால் முதலில் தெரிந்தது, அவ்வளவுதான். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் கன்னத்தைப் புடைத்துக்கொண்டு திரிந்தார்கள். கோயிலுக்குப் பின்னால் இருந்த வெற்றிலைக் கொடி மொட்டையாகிவிட்டது. கடைசியில் ஒருநாள் கொழுந்தியாளே கொட்டகைப் பக்கம் வந்து, "அக்கா, ஒரு வெத்தல இருந்தா குடேன்" என்று பல்லைக் காட்டாமல் கேட்டாள். கொடுத்தேன். நான் அவ்வளவு கெட்டவள் இல்லை. சுண்ணாம்பை மட்டும் கொஞ்சம் தாராளமாகத் தடவிக் கொடுத்தேன்.

ஆனால் சுண்ணாம்பு யார் ஈறையும் விட்டு வைக்காது. என் பற்கள் ஆட ஆரம்பித்தன. முதல் முன்பல் கிழங்கை மசிக்கும்போது விழுந்தது. கொட்டகைப் பிள்ளைகள் கை தட்டிச் சிரித்தார்கள். பால்பல் விழுந்தால் சாணி உருண்டையில் வைத்துக் கூரையில் எறிந்தால் நல்ல பல் முளைக்கும் என்று அவர்களுக்கு நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன். விடுவார்களா? என் பல்லையும் சாணியில் வைத்து எறியச் சொன்னார்கள். எறிந்தேன். அந்த அத்தாப்பு ஓலைக் கூரையில் அதற்கப்புறம் நிறைய எறிந்தேன். ஒவ்வொன்று போகும்போதும் மனசு வலித்தது. கண்ணாடி பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன். வெற்றிலையை விடத் துணியவில்லை. அரிசிக்குப் பயந்து பாதி, சயாமுக்குப் போனவர் உயிருக்குப் பயந்து பாதி.

ஜப்பான்காரன் போனான். வெள்ளைக்காரன் வந்தான். மறுபடி எல்லோருக்கும் அரிசி அளந்தார்கள். சயாமிலிருந்து திரும்பியவர்கள் வடக்கே மந்தின் ஊர் வழியாக நடந்தே வந்து சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவர் எங்கள் லயத்துக்கு வந்து, என் வீட்டுக்காரர் அங்கே போன முதல் மழையிலேயே வாந்திபேதியில் போய்விட்டார் என்று சொன்னார். மருமகன் எங்கே போனான் என்று அவருக்கும் தெரியவில்லை. முதல் மழையிலேயே. அப்படியென்றால் நான் முதல் வெற்றிலையை வாயில் போடும் முன்பே அவர் இல்லை. அத்தனை நாளும் ஒரு செத்த மனுஷனுக்காக வாயைப் புண்ணாக்கிக்கொண்டிருந்தேன். அன்று நான் அழுத அழுகைக்கு என் மகள் பயந்துபோனாள்.

பெண்கள் கூடினார்கள். வளையலை உடைத்தார்கள், தாலியை வாங்கினார்கள். "வெத்தலையத் துப்பிட்டு வாயக் கொப்புளிச்சுரு அக்கா. இனிமே ஆகாது" என்று ஒருத்தி செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். பார்த்தால் கொழுந்தியாள். அவள் கண்ணிலும் தண்ணீர் இருந்தது. வாசலில் ஆம்பிளைகளோடு கங்காணியும் நின்றார்.

கொப்புளித்தேன். ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை. செம்புத் தண்ணீர் தீர்ந்தது. வெற்றிலை போய், பாக்கு போய், கடைசித் தண்ணீரும் சிவப்பாகவே வாசலில் ஓடியது. எல்லோரும் பார்த்தார்கள். நிமிர்ந்து கங்காணியைப் பார்த்தேன். அவர் தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒருத்தரும் தீட்டு என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. தீட்டு எங்கே போனது என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். அரிசி எல்லோருக்கும் வந்த அன்றே அது போய்விட்டது. சிரட்டை அரிசி இல்லாத ஆயா வேலைக்கு யாரும் போட்டியில்லை.

காரியம் முடிந்த மறுநாளே கங்காணி வாசலுக்கு வந்துவிட்டார். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லையாம், துரை கோபப்படுகிறாராம்.

"வாயில இன்னும் ரத்தம் வருதேண்ணே" என்றேன், வேண்டுமென்றே.

"அதனால என்னம்மா? சாதாரண விஷயம். புள்ளைங்க அழுவுது, வாம்மா."

அவருக்கும் அது சாதாரண விஷயம் என்று தெரிந்தே இருந்திருக்கிறது. என் வாயில் வந்ததையெல்லாம் அவரிடம் சொன்னேன். வெற்றிலை தடுக்காததால் நன்றாகவே வந்தது. அவர் கேட்டுக்கொண்டு நின்றார். சொல்லி முடித்ததும் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு கொட்டகைக்கு நடந்தேன். என் பேத்தியும் அங்கேதான் இருந்தாள்.

கொட்டகை வாசலில் ஒரு கிழங்குத் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் வாயைத் திறந்து சிரித்தாள். அவள் வாயில் என் வாயில் இருந்ததைவிடப் பல் அதிகம்.